மாட்டுக்குப் போடக்கூடிய தோரணம்: பொங்கலுக்கு வாசலை ஜோடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு வாசலில் என்ன கட்டலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால் நேராகக் கடைக்குத்தான் போய் நிற்போம். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் இதையெல்லாம் எங்கே போடப்போகிறோம் என்று யோசிக்க ஆரம்பித்தால் வேலை வேறு திசையில் போகும். சில வருடங்களாகக் கோவையில் எங்கள் குடியிருப்பிலும், கோபிச்செட்டிபாளையம் பக்கம் சொந்த ஊரிலும் பொங்கல் அலங்காரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்கள் எல்லாரும் ஆர்வமாகத்தான் வருகிறார்கள். தடுமாறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான்: எதை வைத்துக் கட்டுவது, எதை முதலில் செய்வது.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். வாசலில் கட்டியதை, அதிலிருந்து பின்னையோ நைலான் நூலையோ பொறுக்கி எடுக்க வேண்டிய வேலை இல்லாமல், மாட்டுக்கு முன்னாலோ எருக்குழியிலோ போட முடிய வேண்டும். முடியாத பொருளாக இருந்தால் அது வருடா வருடம் திரும்பப் பயன்பட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கட்டுவதில்லை. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த விதியிலிருந்து வந்தவை. தை முதல் நாள் ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரம் முன்பு: பரணை முதலில் இறக்குங்கள்

புதிதாக எதையும் வாங்கும் முன் வீட்டில் ஏற்கெனவே இருப்பதை எல்லாம் தரையில் பரப்பிப் பாருங்கள். போன வருடத்துச் சீரியல் விளக்கு, பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், துணி, கயிறு, பழைய மண்பானை, எல்லாமே.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு கொஞ்சம் வித்தியாசமானது. இனி பிளாஸ்டிக்கே வேண்டாம் என்று முடிவு செய்ததும், வீட்டில் இருக்கும் நல்ல பிளாஸ்டிக் தோரணத்தைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக இயற்கைப் பொருள் வாங்கப் போகிறார்கள். அது செய்து முடிந்த பொருள். இன்னும் ஐந்து வருடம் உழைக்கும் என்றால் ஐந்து வருடமும் அதையே கட்டுங்கள். வெயில்பட்டு மொறமொறவென்று உடைய ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள். உடையும் பிளாஸ்டிக் தூள்தூளாக உதிர்ந்து மண்ணில் கலக்கும். அதைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

சீரியல் விளக்கையும் இப்போதே போட்டுப் பாருங்கள். பாதி எரியாமல் போனால் பெரும்பாலும் ஒரு பல்போ ஒரு ஒயர் இணைப்போதான் காரணமாக இருக்கும். தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் சரியாகிவிடும். பண்டிகைக்கு முந்தின நாள் மாலை எரியவில்லை என்று தெரிந்தால் புதிது வாங்குவதைத் தவிர வழி இருக்காது. அதனால்தான் இந்த வேலை பட்டியலில் முதலாவதாக நிற்கிறது.

கழித்த பொருட்களைப் போகி நெருப்புக்கு என்று ஒதுக்கி வைக்காதீர்கள். பிளாஸ்டிக், டயர், ரெக்ஸின், பெயிண்ட் அடித்த மரம் எதுவும் நெருப்பில் போகக் கூடாது. மார்கழிக் குளிரில் காற்று அசையாமல் தாழ நிற்கும். அதில் விட்ட புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். விடியற்காலையில் அதை மூச்சில் இழுப்பது வீட்டில் இருக்கும் குழந்தைகளும் வயதானவர்களும்தான். பிளாஸ்டிக்கையும் இரும்பையும் பழைய சாமான் கடைக்குக் கொடுங்கள். தெர்மாகோலைப் பெரும்பாலான கடைகளில் எடுப்பதில்லை, அதை உலர்குப்பையில் தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

2. வாங்கும் முன் கசக்கிப் பாருங்கள்

கடையில் காகிதம் மாதிரி இருப்பதெல்லாம் காகிதம் இல்லை, துணி மாதிரி இருப்பதெல்லாம் துணியும் இல்லை. மூன்று சோதனை போதும்.

மினுமினுப்பான காகிதத்தைக் கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே கிடந்தால் பரவாயில்லை. விரிந்து பழைய நிலைக்கு வந்தால் அது பிளாஸ்டிக் படலம். ஜிகினாத் தூளும் பெரும்பாலும் இதே படலத்தைப் பொடியாக வெட்டியதுதான். கோலத்தில் தூவினால் அடுத்த நாள் கூட்டும்போது பாதி சாக்கடைக்குப் போகும்.

துணிப்பை, துணிக்கொடி என்று விற்பதை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடுவது தெரிந்தால் நெய்த துணி. நூலே தெரியாமல், புள்ளிபுள்ளியாக அழுத்திய தடம் மட்டும் இருந்தால் அது துணி போலச் செய்த பிளாஸ்டிக்.

பட்டு மாதிரி வழுக்கும் ரிப்பனில் ஒரு நூலை மட்டும் உருவி, வீட்டுக்கு வெளியே ஒரு தட்டில் வைத்துப் பற்றவையுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். உருகி முனையில் கெட்டியான மணி மாதிரி திரண்டால் அது பாலியஸ்டர்.

சட்டமும் இதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடி, எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை, நான் மேலே சொன்ன நெய்யாத துணிப்பை உட்படப் பல பொருட்களுக்குத் தடை இருக்கிறது. நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் தடைப் பட்டியலில் வந்துவிட்டன. கடையில் தொங்குகிறது என்பதால் அனுமதி உள்ள பொருள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியிருப்புச் சங்கத்தில் யாராவது தெர்மாகோல் வளைவு வைக்கலாம் என்று சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும்.

3. கட்டும் நார்: வேலையே இங்கேதான்

இந்தப் படியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். இலை, பூ, ஓலை எல்லாம் மண்ணுக்குப் போகிற பொருள்தான். ஆனால் அதைக் கட்டுவது நைலான் நூலாலும், ஒட்டுவது செல்லோடேப்பாலும், மடித்துச் சேர்ப்பது ஸ்டேப்ளர் பின்னாலும் என்றால் மொத்தத் தோரணமும் குப்பையாகிவிடுகிறது. முப்பது மாவிலையிலிருந்து முப்பது பின்னை யார் உட்கார்ந்து எடுக்கப்போகிறார்கள்?

பின் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன், அதற்குக் காரணம் இருக்கிறது. மாடு தீவனத்தை நன்றாக மெல்லாமல் முதலில் விழுங்கிவிடும், பிறகுதான் அசைபோடும். விழுங்கிய கம்பித் துண்டு அதன் இரண்டாவது வயிற்றில் போய்த் தங்கும். அந்த வயிறு இதயத்துக்கு மிக அருகில் இருக்கிறது. வயிறு சுருங்கி விரியும்போது கம்பி சுவரைக் குத்தி இதயப்பை வரை போவது உண்டு. நைலானும் பிளாஸ்டிக்கும் வேறு மாதிரி: முதல் வயிற்றிலேயே சுருண்டு தங்கி வெளியே வராமல் சேர்ந்துகொண்டே போகும். மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஒரு கட்டு ஓலையைக் கொண்டுபோய்ப் போடுகிறோம். அதில் ஒரு பின் இருந்தாலும் ஆபத்துதான்.

சரி, வேறு எதால் கட்டுவது?

நீளமாக ஓடும் கயிற்றுக்குத் தேங்காய்நார்க் கயிறு. இது மட்டும் வருடா வருடம் திரும்பப் பயன்படும். சிறு கட்டுகளுக்கு வாழைநார்; பூ கட்டுகிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும். இலையைக் கயிற்றில் குத்தி நிறுத்தத் தென்னை ஈர்க்கு. இவை மூன்றும் இருந்தால் போதும், பருத்தி நூல் அவசரத்துக்கு.

வாழைநாரைக் காய்ந்தபடியே எடுத்து முடிச்சுப் போட்டால் முடிச்சு விழும் இடத்திலேயே ஒடியும். ‘நார் நல்லா இல்லைங்க’ என்று நூலுக்குப் போய்விடுவார்கள். அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்து, ஈரமாக இருக்கும்போதே கட்டுங்கள். முடிச்சு இறுகி, காய்ந்த பிறகு அப்படியே நிற்கும். ஈர்க்கையும் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் குத்தும்போது பிளக்காது.

கயிற்றின் நீளத்தை இப்போதே அளந்துவிடுங்கள். நிலைப்படி, ஜன்னல், மாடிக் கைப்பிடி எல்லாவற்றையும் முழம் போட்டுப் பார்த்துக் குறித்து வையுங்கள். அளக்காமல் ஓலை வாங்கினால் எப்போதும் இரண்டு மடங்காகத்தான் வாங்குவோம்.

4. ஒரு வாரம் முன்பு: துணித் தோரணம்

தெருவுக்கும் குடியிருப்பின் நீளமான தாழ்வாரத்துக்கும் ஓலை கட்டிச் சமாளிக்க முடியாது. அங்கே பழைய பருத்திப் புடவை, வேட்டி, தாவணியை முக்கோணமாக வெட்டிக் கயிற்றின் மேல் மடித்துத் தைத்துவிடுங்கள். அரை அடி அகலம், முக்கால் அடி உயரம் பார்க்க நன்றாக இருக்கும். ஒட்டுப்பசை வேண்டாம், ஒரு மழையில் விட்டுவிடும். ஓரத்தை மடித்துத் தைக்காவிட்டாலும் குறுக்குவாட்டில் சாய்வாக வெட்டினால் நூல் அவ்வளவு சீக்கிரம் பிரியாது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பழைய புடவை கேட்டு வாங்கினோம். இன்றும் தாழ்வாரத்தில் நடக்கும்போது ‘இது எங்க அம்மா புடவை’ என்று காட்டுகிறார்கள்.

5. வண்ணப்பொடி: அடுப்படியிலிருந்து ஐந்து நிறம்

கடையில் விற்கும் கலர்கோலப்பொடி பெரும்பாலும் கல் பொடியில் செயற்கைச் சாயம் ஏற்றியது. வீட்டிலேயே ஐந்து நிறம் செய்யலாம். கேரளத்தில் வழிபாட்டுக்காகத் தரையில் வண்ணப்பொடியால் தெய்வ உருவம் வரையும் களமெழுத்துக்கு இதே முறைதான்: அரிசி மாவில் வெள்ளை, மஞ்சளில் மஞ்சள், கரியில் கறுப்பு, இலைப்பொடியில் பச்சை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு.

அடிப்படைப் பொருள் அரிசி. ரேஷன் அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் கொஞ்சம் நறநறப்பாக அரையுங்கள். இடியாப்ப மாவு மாதிரி நைசாக அரைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. நைஸ் மாவு விரலிடுக்கில் கட்டிக்கொள்ளும், விழாது. விழுந்தாலும் காற்றில் பறக்கும். ரவையைவிடச் சற்றுப் பொடியாக இருந்தால் விரலிலிருந்து கோடாக இறங்கும்.

மஞ்சள் நிறத்துக்கு, இரண்டு டம்ளர் அரிசிப் பொடியில் ஒரு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், தெளிக்கக் கொஞ்சம் தண்ணீர். கையால் பிசறி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் உலர்த்தினால் மஞ்சளின் நிறம் வெளுத்துவிடும். கோலத்திலும் அப்படித்தான், காலையில் போட்ட மஞ்சள் மாலைக்குள் மங்கும். அதனால் மஞ்சளை எப்போதும் கடைசி நிறமாகப் போடுங்கள்.

சிவப்புக்கு, அதே மஞ்சள் கலவையில் பாதியை எடுத்து, வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கண்ணெதிரே சிவக்கும். ஒரே அடியாக ஊற்றினால் பழுப்பாகிவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும். குழந்தைகளை வேடிக்கை பார்க்கச் சொல்லுங்கள், பிசையவிடாதீர்கள். வேறு வகைச் சிவப்பு வேண்டுமென்றால் பழைய நாட்டுச் செங்கல்லை இடித்து மெல்லிய துணியில் சலித்துக்கொள்ளலாம். இடிக்கும்போது லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

பச்சைக்கு முருங்கை இலை. நிழலில் நாலைந்து நாள் உலர்த்திப் பொடிக்க வேண்டும் என்பதால்தான் இந்த வேலையை ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறேன். கறுப்புக்கு அடுப்புக்கரி. நீலம் இதில் வராது. நீலம் இல்லாத கோலம் போடுங்கள், அழகாகவே இருக்கும்.

கல்லுப்பில் சாயம் கலந்து ரங்கோலி போடுவதை இப்போது நிறையப் பார்க்கிறேன். உப்பு இயற்கைப் பொருள்தானே என்கிறார்கள். அடுத்த நாள் தண்ணீர் விட்டுக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் வாசல் செடியின் வேருக்குப் போகிறது. செடி வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் இன்னும் ஊற்றுவார்கள். உப்பு வேண்டாம்.

6. போகிக்கு முந்தின நாள்: குருத்தோலையும் மாவிலையும்

தென்னங்குருத்து என்பது மரத்தின் உச்சியில் இன்னும் விரியாத இலை. தென்னை மாதத்துக்குச் சுமார் ஒரு மட்டைதான் விடுகிறது. வருடத்துக்குப் பன்னிரண்டு, பதினான்கு. நாம் ஒரு குருத்தை வெட்டினால் மரம் ஒரு மாதத்து இலையை இழக்கிறது. வெட்டுகிறவர் கைதவறி அடியில் இருக்கும் வளர்முனையைத் தொட்டுவிட்டால் மரமே போய்விடும், தென்னைக்கு வேறு முனை கிடையாது. வெட்டுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும்.

அதனால் நான் இப்படிச் செய்கிறேன். குருத்து நிலைப்படிக்கு மட்டும். மற்ற எல்லா இடத்துக்கும் முற்றிய பச்சை ஓலை, அல்லது காய் பறிக்கும்போது கழிக்கும் அடிமட்டை ஓலை. நல்ல மட்டை ஒன்றில் இருநூறு ஓலைக்கு மேல் இருக்கும். ஒரு வீட்டு வாசலுக்கு முப்பது போதும். ஒரு மட்டை வாங்கி நாலைந்து வீடு பிரித்துக்கொள்ளலாம். சாலை விரிவாக்கத்துக்கோ வீடு கட்டவோ மரம் விழும் இடம் தெரிந்தால் மரமேறுகிறவரிடம் சொல்லி வையுங்கள். அந்தக் குருத்தை எடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வாங்கி வந்த ஓலையை ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். வெயிலில் கொஞ்ச நேரம் கிடந்தாலே சுருள ஆரம்பிக்கும், சுருண்ட ஓலை மடிக்கும்போது கிழியும். வெட்டும் வேலை முழுவதையும் நிழலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

புதியவர்களுக்கு எளிய தோரணம் ஒன்று போதும். ஓலையை ஈர்க்கு நடுவில் இருக்கும்படி இரண்டு பக்கமும் விரியுங்கள். ஓரத்திலிருந்து ஈர்க்கை நோக்கிச் சாய்வாக, ஒரு விரல் இடைவெளியில், ஈர்க்கைத் தொடாமல் வெட்டிக்கொண்டே வாருங்கள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு பட்டையை உள்பக்கம் மடித்து அடுத்த பட்டையின் அடியில் செருகுங்கள். ஈர்க்கை வெட்டிவிட்டால் ஓலை துவண்டுவிடும், அதில் மட்டும் கவனம். கிளி, குருவி எல்லாம் இது கைவந்த பிறகு. இன்னொன்று: மங்கல காரியத்துக்குக் கட்டும் தோரணமும் துக்க வீட்டில் கட்டுவதும் ஒன்றல்ல. குருவி செய்ய ஆசைப்பட்டால் எண்ணிக்கையையும் தலை எந்தப் பக்கம் என்பதையும் வீட்டுப் பெரியவரிடமோ பந்தல்காரரிடமோ கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மாவிலையில் இரண்டு தவறு தொடர்ந்து நடக்கிறது. முதலாவது, கொப்போடு ஒடிப்பது. தை மாதம் மா பூக்கும் காலம். கொப்பின் நுனியை ஒடித்தால் அதில் வரவேண்டிய பூங்கொத்தும் போய்விடும். நுனியை விட்டு, உள்பக்கத்து இலைகளை ஒவ்வொன்றாகக் காம்போடு பறியுங்கள். இரண்டாவது, அழகாக இருக்கிறது என்று செம்பு நிறத் தளிரை எடுப்பது. சில மணி நேரத்தில் வாடித் தொங்கும். கரும்பச்சையான முற்றிய இலைதான் நாலைந்து நாள் நிற்கும்.

பறித்த இலையை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேலாக மடித்து, இரண்டு மடிப்பையும் சேர்த்து ஓர் ஈர்க்குத் துண்டால் குத்தி எடுங்கள், தையல் போட்ட மாதிரி. நூலும் வேண்டாம், பின்னும் வேண்டாம். நாலு விரல் இடைவெளி விட்டால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

7. போகி மாலை: காப்புக் கட்டு

கொங்குப் பக்கத்தில் போகியன்று வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரை, கட்டுத்தறி, கிணற்றடி, வயல் எல்லா இடத்திலும் செருகுவோம். காப்புக் கட்டு என்பது இதுதான். இதைவிடச் சுத்தமான அலங்காரம் எனக்குத் தெரியாது. கட்டிய பிறகு எடுக்கவே வேண்டாம், எரவாணத்தில் காய்ந்து அடுத்த போகி வரை இருக்கும்.

சந்தைக்கு வரும் பூளை பெரும்பாலும் வேரோடு பிடுங்கியதாக இருக்கிறது. நீங்களே பறிக்கப் போனால் கத்தரியோ அரிவாளோ எடுத்துப் போங்கள். தரைக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். ஓரிடத்தில் பாதிச் செடியைத் தொடாமல் விடுங்கள். விதை விழுந்தால்தான் அடுத்த வருடமும் அங்கே பூளை இருக்கும். ஆவாரத்தில் பூங்கொத்து மட்டும் போதும், கிளை வேண்டாம்.

அடுக்குமாடியில் கூரை எரவாணம் இல்லையே என்று கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டுகிறார்கள். மறுநாள் கீழே விழும், பெயிண்டும் உரிந்து வரும். ஜன்னல் கம்பியிலோ கதவின் மேல் கொக்கியிலோ வாழைநாரால் கட்டிவிடுங்கள்.

8. போகி இரவும் பொங்கல் விடியலும்: மாக்கோலம்

வரிசை மாறினால் கோலம் கெடும். அதனால் நேரத்தோடு சொல்கிறேன்.

போகி இரவு ஒரு டம்ளர் பச்சரிசியைக் கழுவி ஊறப்போடுங்கள். இரண்டு மணி நேரம் போதும், இரவு முழுக்க ஊறினாலும் பரவாயில்லை. காவிக்கட்டியைத் தனிக் கிண்ணத்தில் கரைத்து வையுங்கள். வாசலைக் கூட்டிவிடுங்கள்.

விடியற்காலையில் மண் வாசலோ சிமெண்ட் வாசலோ இருந்தால் சாணம் கரைத்துத் தெளித்து மெழுகுங்கள். சாணம் கிடைக்காத இடத்தில் செம்மண் கரைசல். அந்தத் தரை சொதசொதவென்று இருக்கும்போது கோலம் இழுத்தால் கோடு பரவும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மாவு பிடிக்காது. கை வைத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது. அந்த நேரத்துக்காகக் காத்திருக்கும் போது அரிசியை அரைத்துவிடலாம்.

மாவு பால் மாதிரி நீர்க்க இருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய எல்லாருமே தடுக்கி விழுகிறார்கள். ஈரத்தில் கோடு மங்கலாக, தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். போதவில்லை என்று மாவைக் கெட்டியாக்குவார்கள். பத்து பதினைந்து நிமிடத்தில் காய்ந்து பளிச்சென்று வெள்ளையாகும் என்பது தெரியாததால் வரும் அவசரம் அது. கெட்டி மாவு காய்ந்ததும் வெடித்து ஏடு ஏடாகப் பெயரும். முதல் கோட்டை ஓர் ஓரத்தில் இழுத்துக் காயவிட்டுப் பாருங்கள், பிறகு நம்பிக்கை வந்துவிடும்.

சிறு பருத்தித் துணியை மாவில் நனைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மோதிர விரல் வழியாக வடியும்படி மெல்லப் பிழியுங்கள். கை வேகத்துக்கும் பிழியும் அழுத்தத்துக்கும் பழக்கம் வர நாலு வரி ஆகும்.

வெள்ளைக் கோலம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் காவி. முதலில் காவி அடித்தாலோ, வெள்ளை ஈரமாக இருக்கும்போது அடித்தாலோ சிவப்பு உள்ளே ஊறிவிடும். வண்ணப்பொடி போடுவதாக இருந்தால் அதற்கும் பிறகு. மஞ்சள் கடைசி.

வழவழப்பான டைல்ஸ் தரையில் மாக்கோலம் நிற்காது. அங்கே உலர்ந்த அரிசிப் பொடியோ பூ இதழோ பயன்படுத்துங்கள். எறும்பு வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் குறைப்பட்டால் கோலத்தை நிலைப்படியிலிருந்து இரண்டடி தள்ளிப் போட்டாலே போதும். எறும்புக்கும் குருவிக்கும் சேர்த்துப் போடுவதுதானே மாக்கோலம், அதனால் எறும்பு மருந்து தூவ வேண்டாம்.

9. கரும்பு, பானை, விளக்கு

கரும்பைத் தோகையோடு வாங்குங்கள். வெட்டிவிட்ட கரும்பு மலிவாக இருக்கலாம், ஆனால் தோகைதான் அழகு, மறுநாள் மாட்டுக்குத் தீனியும் அதுதான். பானைக்கு எனாமல் பெயிண்ட் வேண்டாம். அடுப்பில் ஏறும் பானை. பெயிண்ட் சூட்டில் புகையும். சுண்ணாம்பும் காவியும் பட்டையாக அடித்தால் போதும். மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்தை வாழைநாரால் கட்டுங்கள்.

விளக்குக்கு அகல். சீரியல் விளக்கு போட்டால் எல்இடி வகை, பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். மரத்தில் சுற்றியிருந்தால் பறவைகளுக்காகவாவது.

10. மாட்டுப் பொங்கல்: மாட்டுக்கு மாலை

ஊரில் மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகுதி. கொம்புக்கு ஆயில் பெயிண்ட் அடிப்பதை நிறுத்திவிடுங்கள். மாடு கொம்பைத் தேய்க்கும், ஒன்றையொன்று நக்கும். காவியையும் மஞ்சளையும் எண்ணெயில் குழைத்துப் பூசினால் அன்றைக்கு நிறமாக நிற்கும், பிறகு தானே போய்விடும். பலூனையும் பிளாஸ்டிக் மாலையையும் மாடு கடித்து விழுங்கிவிடும் என்பதால் அவையும் வேண்டாம்.

காவிரிப் படுகையில் நெட்டி மாலை போடுவார்கள். நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தக்கையைச் சீவிக் கோத்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம். கட்டியிருக்கும் நூல் என்ன என்பதை மட்டும் பாருங்கள்.

அலங்காரத்தோடு சேர்ந்ததில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் பொங்கலை ஊட்டிவிட்டால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, அசைபோடுவது நின்றுவிடும். உயிருக்கே ஆபத்து. ஒரு கைப்பிடி போதும். குடியிருப்பிலிருந்து பக்கத்துத் தொழுவத்துக்குக் கூட்டமாகப் போகும்போது மாட்டுக்காரரிடம் கேட்டு, மொத்தமாக ஒருவர் மட்டும் கொடுங்கள்.

11. காணும் பொங்கல் மாலை: இறக்கும் நாள்

நாள் தள்ளாமல் அன்றே இறக்குங்கள். ஒரு வாரம் விட்டால் இலை நொறுங்கிக் கயிற்றோடு சிக்கிக்கொள்ளும், பூவில் பூஞ்சை வரும், பிரிக்கச் சோம்பல்பட்டு மொத்தமாகக் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

கயிற்றை ஒரு முனையில் பிடித்து உருவினால் ஈர்க்குக் குத்திய இலைகள் தானே கழன்று விழும். விழுந்ததை மூன்றாகப் பிரியுங்கள்.

மாட்டுக்கு: கரும்புத் தோகை, வாழை இலை, வாடாத பச்சை ஓலை. வேப்பிலையை ஆடு விரும்பித் தின்னும். மாவிலையை மாட்டுக்கு அதிகம் போடாதீர்கள், அதன் உடம்புக்கு ஆகாது. கடையில் வாங்கிய செண்டுமல்லியும் வேண்டாம். மருந்து அடித்ததாக இருக்கும்.

எருக்குழிக்கு: மாவிலை, செண்டுமல்லி, வாழைநார், நறுக்கிய கரும்புச் சக்கை. ஓர் அடுக்கு இலை, மேலே ஒரு கை சாணக் கரைசல், மறுபடி இலை என்று போடுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருந்தால் போதும், பத்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். பூ சீக்கிரம் மக்கும். இலை மக்கச் சுமார் மூன்று மாதம் ஆகும். மாடியில் என்றால் துளையிட்ட பழைய டிரம் போதும்.

தென்னை ஓலையை மட்டும் முழுசாகக் குழியில் போடாதீர்கள். ஈர்க்கு மக்க நெடுநாள் ஆகும். ஈர்க்கை உருவி எடுத்துக் காயவைத்தால் ஒரு விளக்குமாறு. அடுத்த வருடம் இலை குத்துவதற்கும் அதிலிருந்தே நாலு குச்சி எடுத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் கொத்திலிருந்து கிழங்கைப் பிரித்து மண் தட்டி, நிழலில் உலர்ந்த மணலுக்குள் வையுங்கள். வைகாசி வாக்கில் முளை தெரியும்போது தொட்டியிலோ தோட்டத்திலோ நட்டால் அடுத்த பொங்கல் கொத்து வீட்டிலேயே வளரும்.

கடைசியாகக் கயிறும் துணித் தோரணமும். துணியைத் துவைத்து நன்றாகக் காயவைத்து, கயிற்றை முழங்கையில் சுற்றிக் கட்டி, இரண்டையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். உள்ளே ஒரு சீட்டு: நிலைப்படிக்கு எத்தனை முழம், ஜன்னலுக்கு எத்தனை, ஓலை எத்தனை வாங்கினோம், எத்தனை மிஞ்சியது, எந்த வீட்டில் மாமரம் இருக்கிறது, மரமேறுகிறவரிடம் எப்போது சொல்ல வேண்டும். அடுத்த மார்கழியில் பரணை இறக்கும்போது முதலில் அந்தச் சீட்டை எடுங்கள்.